வாரம் ஒரு சீட்டு

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த மாடி ஹாலில் தொழில் வட்டம் கூடும். முப்பது நாற்காலி, முப்பது தொழில். ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான். ஆளுக்கு வாரம் இரண்டு சிபாரிசுச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும்: இன்ன விலாசத்தில் இன்னாருக்கு வேலை இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று. மூன்று வாரம் தொடர்ந்து குறைந்தால் நாற்காலி போய்விடும்.

ஃப்ரிட்ஜக்காவுக்குச் சீட்டு குறைந்து இது மூன்றாவது வாரம். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம். அக்கா குடும்பத்தை விட்டால் தெரிந்த முகம் கிடையாது. வருகிற வேலையில் பாதி இந்த ஹாலில் உட்காருகிறவர்களின் வீட்டு ஃப்ரிட்ஜ்தான். நாற்காலி போனால் அந்தப் பாதியும் போச்சு.

படிக்கட்டிலேயே அக்கா வீட்டுக்காரர் மறித்துக்கொண்டார். திரைச்சீலைக் கடைக்காரர். அவளுக்கு வட்டத்தில் இடம் வாங்கித் தந்தவரும் அவர்தான்.

"எத்தனை சீட்டும்மா வச்சிருக்கே?"

"ஒண்ணு மாமா."

"திரும்பவும் ஒண்ணா! மேல ஒருத்தன் டை கட்டிட்டு வந்து நிக்கறான், பாத்தியா? அவனும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்தான். உன் நாற்காலி எப்போ காலியாகும்னு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறான்." சட்டைப்பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை உருவி நீட்டினார். "பக்கத்து வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கணும்னு எழுதிப் போடு. யாரு போய்க் கேக்கப் போறா?"

"நான் போய்க் கேட்டேனே மாமா."

அவர் வேறு பக்கம் பார்த்தார். அவள் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

போன மாதம் அவள் பேருக்கு ஒரு சீட்டு வந்தது. ஃப்ரிட்ஜுக்கு அடைக்கிற கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறினாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்த பெரியவர் பாவமாகச் சொன்னார்: "எங்க வீட்ல ஃப்ரிட்ஜே இல்லியேம்மா. தண்ணி வேணா தரட்டுமா?"

அன்றைக்குத்தான் டூல் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் மார்க்கரால் எழுதினாள்: 'கண்ணால் பார்த்த வேலைக்குத்தான் சீட்டு.' அதன்படி வாரம் ஒருத்தர் பட்டறைக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து பார்த்தாள். ஷட்டர் செய்கிறவர் ஒரு வெல்டிங் கோணலாகிப் போனதென்று, யாரும் கேட்காமலே அதை அறுத்தெடுத்து மறுபடி வைத்தார். ரிப்பேருக்குப் போன இடத்தில் ஷட்டர் வேண்டுமென்று சொன்னதும் அவருக்கு எழுதினாள். போர்டு எழுதுகிறவருக்கு எழுதினாள். பார்த்தவர்களை அந்த மூடியிலேயே வரிசையாகக் குறித்தும் வைத்தாள். அரை நாள் இப்படிப் போனால் இரண்டாவது சீட்டுக்கு நேரம் ஏது?

அவள் முறை வந்தது. தலைவர் இன்சூரன்ஸ்காரர். ஒரு நிமிஷத்துக்கு மேல் யார் பேசினாலும் மேஜை மணியை அடித்துவிடுவார்.

"ஃப்ரிட்ஜக்கா, சீட்டு எத்தனை?"

"ஒண்ணு. மாவு மெஷின் பெல்ட் மாத்தறவருக்கு. நேத்து அரை நாள் உக்காந்து பாத்தேன். வேலை சுத்தம்."

"விதி ரெண்டு."

"தெரியும். ரெண்டாவது பொய்யா எழுத மாட்டேன்."

ஹாலில் சலசலப்பு. அவள் ஒரு கசங்கிய சீட்டை எடுத்து உயர்த்தினாள். "இது எனக்கு வந்தது. அந்த வீட்ல ஃப்ரிட்ஜே கிடையாது. யாரு எழுதினாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேக்கறேன். போன வாரம் பெட்டியில அம்பத்தொம்பது சீட்டு விழுந்துச்சு, கை தட்டினோம். அதுல எத்தனை பேருக்கு நிஜமா வேலை கிடைச்சது?"

மணி அடித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஆறு மாசமா கை குலுக்கறோம். என் கையில ரெண்டு விரல்ல தழும்பு இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு இங்க ஒருத்தருக்காவது தெரியுமா?"

மணி மறுபடி அடித்தது.

"நல்லா அடிங்க. நான் முடிச்சுட்டுத்தான் உக்காருவேன்."

ஷட்டர்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "எனக்கு நிஜமா வேலை கிடைச்சது. இந்த வருஷத்துலயே ஒரு தடவைதான். அது அக்கா எழுதினது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் சரிம்மா. விதின்னா விதிதானே?"

"விதிதான். நானே நாற்காலியை விட்டுக் கிளம்பிட்டேன், பாருங்க."

டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். டை கட்டியவர் அங்கே நெளிந்துகொண்டு நின்றார். "போங்க தம்பி, உக்காருங்க. நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், பாத்து."

கீழே தெருவுக்கு வந்தாள். நாளையிலிருந்து போன் அடிக்குமோ அடிக்காதோ. பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். பின்னாலேயே அக்கா வீட்டுக்காரர் மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"அந்தச் சீட்டு... யாரு எழுதினதுன்னு உனக்கு..."

"கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க அக்காவுக்கு எழுதின லெட்டரையெல்லாம் யாரு கொண்டுவந்து குடுத்தது? ஒண்ணு விடாமப் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுத்தேன். உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா மாமா?"

அவர் முகம் வெளிறிப் போயிற்று. "அன்னைக்கு எனக்கு ஒரு சீட்டு குறைஞ்சுதும்மா. நீ நிஜமாவே போவேன்னு நினைக்கல." படிக்கட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அக்காகிட்ட சொல்லிடாதே."

"எதை? சீட்டையா, லெட்டரையா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் முழுசாக வரவில்லை. எழுந்து பெட்டியைத் திறந்தாள். மூடியில் மாவு மெஷின்காரருக்குக் கீழே 'மாமா கடை' என்று எழுதினாள்.

"நாற்காலிதான் போச்சே! இனிமே எந்தப் பெட்டியில போடப் போறே?"

"பெட்டி எதுக்கு? வேலைக்குப் போற வீட்ல வாயால சொல்லுவேன்." மூடியைப் படாரென்று சாத்தினாள். "நாளைக்கு ஒன்பது மணிக்கு வர்றேன். திரை தைக்கறதை உக்காந்து பாப்பேன். தையல் கோணலா இருந்தா உங்களுக்கும் சிபாரிசு கிடையாது, சொல்லிட்டேன்."