விசையின் கனம்

என் தம்பி டெல்மருக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வைத்திருப்பவர்களைக் கண்டாலே இளக்காரம். அணிலுக்கு ஒரு தோட்டா போதும். அடுத்தது தானாக ஏறி உட்கார வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு முதல் தோட்டாவிலேயே நம்பிக்கை இல்லை என்று எங்கள் கவுண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன். அவனிடம் இருந்தது பழைய போல்ட் ரைபிள். ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, இறக்க வேண்டும். இந்த ஏப்ரலில் அந்தக் கைப்பிடியைத் தூக்க அவனால் முடியவில்லை.

வியாதியின் பெயர் ஏ.எல்.எஸ். மூளை சொல்வது தசைக்குப் போய்ச் சேராது; தசை சும்மா கிடந்து வற்றிப்போகும். கையில் ஆரம்பித்திருக்கிறது, மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்று டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். டெல்மர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். செப்டம்பர் வரைக்கும் கை இருக்குமா? எங்களுக்கு அணில் வேட்டை சீசன் செப்டம்பரில் திறக்கும். டாக்டர் ஊருக்குப் புதுசு, எதற்குக் கேட்கிறான் என்றே அவருக்குப் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. கவுண்டியின் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தே காலத்தை ஓட்டியவள் நான். உடைந்ததைக் கழற்று, வேறு மாட்டு, வண்டி ஓடும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சீசன் திறக்கிற காலையில் என் தம்பி அவன் கையால் ஒரு குண்டு சுட வேண்டும். அதற்கு மேல் நான் கடவுளிடம்கூட எதுவும் கேட்கவில்லை.

மே மாதம் பர்ல் என்பவனின் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். நான் வாங்கிப் பரிசாகக் கொடுத்துவிடுகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

"என் துப்பாக்கிய நான் வாங்கிக்குவேன். நீ வண்டிய ஓட்டு, போதும்," என்றான்.

கடையில் காபி மேஜையைச் சுற்றி எப்போதும் இருக்கிற கிழவர்கள் இருந்தார்கள். பர்ல் எழுந்து வந்தான்.

"என்ன டெல்மர், தோட்டாவா?"

"துப்பாக்கி. அதான், தானா ஏத்திக்குமே, அது. பாயிண்ட் டூ டூ தோட்டாவுல."

இந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவர்கள் அந்தக் கடையில் பாதிப் பேர். அவர்களை அவன் செய்யாத கேலி இல்லை. ஒரு கிழவர் காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சுத் தொலைங்கப்பா," என்றான் டெல்மர். "இதுக்கு மேல ஒரு சான்ஸ் கிடைக்காது."

அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. பர்ல் ரைபிளை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தான். படிவத்தில் கையெழுத்துப் போட டெல்மருக்கு வெகுநேரம் பிடித்தது. வரிசையில் நின்றவர்கள் சுவரில் மாட்டியிருந்த மான் தலைகளை இதுவரை பார்க்காதவர்கள் போலப் பார்த்தார்கள். வண்டியில் ஏறியதும் அவன் சொன்னான், "ஒருத்தன்கூட திட்டலையேக்கா. நான் செத்தே போயிட்டேன் போல."

ரைபிள் என்னவோ நல்ல ரைபிள்தான். இந்த ஜாதி ரைபிளில் மாற்ற முடியாதது என்று எதுவும் கிடையாது. ரெண்டு திருகு கழற்றினால் குழல் கையோடு வந்துவிடும். ஊரில் உள்ள வாலிபர்கள் அழகுக்காகவும் போட்டிக்காகவும் மாற்றுவார்கள். நான் என் தம்பி கையைப் பார்த்து மாற்றினேன்.

முதலில் தோட்டாக்கள் அடுக்குகிற மேகசின். அதை விடுவிக்கிற பொத்தான் துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் பதிந்து கிடக்கும்; அவன் கட்டைவிரலுக்கு அது அசையவில்லை. உள்ளங்கையால் தள்ளுகிற மாதிரி நீளமான நெம்பு ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரு வாரம் குழந்தை போல அதையே தட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் துப்பாக்கி கனக்கிறது என்றான். இரும்புக் குழலைக் கழற்றிவிட்டுக் கார்பன் சுற்றிய மெல்லிய குழல் போட்டேன். மரக்கட்டையை எடுத்துவிட்டு உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டை போட்டேன். அது வந்து சேர்வதற்குள் இடது கை தோள் உயரத்துக்கு மேல் எழும்பாமல் போயிருந்தது. கேமராவுக்கு வைப்பது போன்ற முக்காலி ஒன்று வாங்கி, ரைபிளை அதில் கவ்வ வைத்தேன். பிறகு கழுத்து. கன்னத்தைக் கட்டையில் சாய்த்துக் குறி பார்க்க முடியவில்லை. சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியை உயரமான தாங்கியில் ஏற்றி, அவன் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே பார்க்க வழி செய்தேன்.

பார்சல்காரன் ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். மாட்டி முடித்ததும் ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும். ஜூலை கடைசியில்தான் என் புத்திக்கு எட்டியது. நான் மாட்டிய ஒவ்வொன்றும் அவன் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டது. தூக்குவது முக்காலி, ஏற்றுவது ரைபிள், குறி பார்ப்பது கண்ணாடி. அவனுக்கென்று மிச்சம் இருந்தது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்து அழுதேன். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அந்த விரலுக்காக விசையை இலேசாக்கினேன். அதற்கென்றே விற்கிற பாகங்கள் உண்டு. போட்டதும் விசையை இழுக்கிற கனம் பாதிக்குப் பாதி குறைந்தது. அவனுக்கு அது போதவில்லை.

"இன்னும் குறை."

குறைத்தேன். தோட்டா இல்லாமல் வைத்து, பின்கட்டையில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். யாரும் விசையைத் தொடாமலே உள்ளே அடிக்கிற முள் டக்கென்று விழுந்தது. தட்டினாலே வெடிக்கிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு காட்டுக்குப் போக முடியாது. பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன்.

"பயந்தாங்கொள்ளி," என்றான்.

"ஆமாடா. சக்கர நாற்காலி குழியில ஏறி இறங்கினா என் முட்டிய நீ சுட்டுருவ. அப்புறம் ஒன்ன யாரு தள்றது?"

"கார்லீன் தள்ளுவா."

கார்லீன் அவன் மனைவி. துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. அவள் என்னிடம் ஏற்கெனவே தனியாகப் பேசியிருந்தாள். "அண்ணி, துப்பாக்கி உங்க வீட்லயே இருக்கட்டும். தோட்டாவும் அங்கயே இருக்கட்டும். ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டுக் கிடக்கறார், எனக்கு பயமா இருக்கு," என்றாள். சரி என்று என் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்தேன். டெல்மருக்கு இது தெரியாமல் இருக்குமா?

"நான் சாகறதுக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்றான் ஒருநாள் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்து. "சும்மா உக்காந்திருந்தாலே அது பாட்டுக்கு நடக்குது." கார்லீன் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் வாய் எப்போதும் இப்படித்தான், நோய் வந்த பிறகும் அதற்கு மட்டும் வலு குறையவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் கொல்லையில் பீன்ஸ் டப்பாக்களை வரிசையாக நிறுத்தினேன். முக்காலி, நாற்காலி, சிவப்புப் புள்ளி, எல்லாம் பொருந்தின. அவன் விரலை விசைமேல் நான் வைத்துவிட்டேன். டப். ஒரு டப்பா துள்ளி விழுந்தது. டப். இன்னொன்று. கார்லீன் ஜன்னலில் நின்று பார்த்தாள். அவன் சிரித்தான், அப்படி அவன் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகிறது.

"இது ஏமாத்து வேலைக்கா. இவ்வளவு சுலபம்னு தெரிஞ்சிருந்தா அத்தன பேர திட்டியிருக்க மாட்டேன்."

மேகசின் காலியாகும் வரை சுட வேண்டும் என்றான். நான்தான் தடுத்தேன். "விரல மிச்சம் புடிடா. சீசனுக்கு வேணும்," என்றேன். அவனும் அது நியாயம் என்று நினைத்தான். அதற்குப் பிறகு அவன் விரலை ஒன்றுக்கும் பயன்படுத்தவில்லை. டிவி ரிமோட்டைக்கூட கார்லீன்தான் அழுத்தினாள். கையை மடியில் ஒரு துண்டின்மேல் வைத்து, அதை யாரும் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டோம். சேர்த்து வைத்தால் இருக்கும் என்று மூன்று பேருமே நம்பினோம். எங்களை மாதிரி முட்டாள்கள் உண்டா?

சீசன் திறந்த சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவனை வண்டியில் ஏற்றினேன். கார்லீன் அவன் மடியில் கம்பளி போர்த்தி, பிளாஸ்கில் காபியும் அவன் விழுங்குகிற பதத்துக்குப் பிசைந்த பிஸ்கட்டும் கொடுத்தாள். "அணில் கொண்டாந்தீங்கன்னா கிரேவி வைக்கறேன். வெறுங்கையோட வந்தா முட்டைதான்," என்றாள். அவன் காலரைச் சரிசெய்த கையை எடுக்க அவளுக்கு மனமே வரவில்லை.

ஓடைக்கு மேலே இருக்கிற ஹிக்கரிக் கொட்டை மரங்கள் இந்த வருஷம் காய்த்துத் தள்ளியிருந்தன. பருத்த சக்கரம் போட்ட நாற்காலியை இழுத்துப்போய், மரத்துக்கு எதிரே நிறுத்தினேன். முக்காலியை வைத்தேன், மேகசினை மாட்டினேன், அவன் கையை எடுத்துப் பிடியில் பொருத்தினேன். விரல் சில்லென்று இருந்தது. என் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, விசைமேல் வைத்தேன். தவறி வெடிக்காமல் தடுக்கிற சேஃப்டியை நான்தான் எடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கொட்டை ஓட்டுத் துணுக்குகள் உதிர ஆரம்பித்தன. நல்ல கொழுத்த சாம்பல் அணில். தாழ்ந்த கிளை ஒன்றில் இறங்கி, எங்களுக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து, காயைச் சுழற்றிச் சுழற்றிக் கடித்தது. குழலை ஒரு விரல்கடை நகர்த்தினேன்.

"இருக்கா?" என்று கிசுகிசுத்தேன்.

"தலைமேலயே இருக்கு புள்ளி."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு காதைப் பொத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அணில் தின்றுகொண்டிருந்தது. இவன் வேண்டுமென்றே தாமதிக்கிறான், இந்தக் காலையை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அணில் அந்தக் காயை முடித்துவிட்டு இன்னொன்றைப் பறித்தது.

"சுடேன்டா," என்றேன்.

"சுட்டுக்கிட்டுத்தான்கா இருக்கேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை. உடம்பில் மிச்சம் இருந்ததெல்லாம் அந்த விரலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. விரல் நான் வைத்த இடத்தில் நான் வைத்தபடியே இருந்தது.

என் கை தன்னால் அவன் கைப்பக்கம் போனது.

"தொடாத," என்றான். "உன் விரல வெச்சா அது உன் குண்டு."

கையை எடுத்துக்கொண்டேன். அணில் ரெண்டாவது காயையும் தின்று முடித்தது. அது பயந்து ஓடியிருந்தால் தேவலை, குறை சொல்ல ஒன்று கிடைத்திருக்கும். அது சாவகாசமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிளைவழியே ஏறி, இலைக்குள் போய்விட்டது.

"போயிருச்சுடா," என்றேன்.

"போனா போவுது. ஒரு தடவ வெடிச்சா போதும்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "எனக்கு இங்கேருந்து தெரியல. விசை அசையுதா பாரு."

குனிந்து பார்த்தேன். விசைக்கும் அதன் வளையத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி மயிரிழை அளவுகூட மாறவில்லை. அவன் கண்ணைப் பார்க்காமலே பதில் சொன்னேன்.

"அசையுதுடா. கொஞ்சம் வந்திருக்கு."

"அப்ப சரி," என்றான். "இன்னும் கொஞ்சம்தான்."

வெயில் மரத்துக்கு மேலே ஏறியது. அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். நான் அவன் பக்கத்தில் மண்டியிட்டபடி, வருது, வருது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.