ஈசான மூலையில் ஒரு கணப்பு

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் எங்கள் பக்கத்து வீட்டு சேனாபதி, பங்குச் சந்தை துள்ளிக் குதித்த தொண்ணூற்றொன்பதில் பிரான்ஸில் ஒரு பழைய கல்வீடு வாங்கினார். பழுதுபார்த்து விற்றால் கொள்ளை லாபமாம்.

அந்த ஊர் மேஸ்திரி ஃபோனில் இரண்டு விஷயம் சொன்னார். கூரையில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ், அது நுரையீரலைத் தின்றுவிடும், உடனே எடுக்க வேண்டும். ஹாலில் குளிர்காயும் கல் கணப்பு முந்நூறு வருஷத்துப் பழசு, வீட்டின் மதிப்பே அதுதான், தொடவே கூடாது.

"ஆஸ்பெஸ்டாஸுக்கா இவ்வளவு சீன்? எங்க ஈரோடு வீட்டுல அதுக்குக் கீழ உக்காந்து படிச்சுத்தான் நான் இன்ஜினியர் ஆனேன்!" என்று சிரித்த சேனாபதி, வீட்டு பிளானை ஈரோட்டு வாஸ்துக்காரருக்கு ஃபேக்ஸ் பண்ணினார்.

மறுநாளே வாஸ்துக்காரர் ஃபோனில் அலறினார். "ஈசான மூலையில நெருப்பா? குடும்பம் விளங்குமா? இடிச்சுத் தள்ளுங்க!"

"நாம என்ன அங்க குடியா இருக்கப் போறோம்? விக்கத்தானே போறோம்?" என்றாள் அவர் மனைவி மரகதம்.

"வாங்கறவன் குடும்பம் நல்லா இருக்க வேண்டாமா?" என்று அதட்டினார் சேனாபதி. என்ன ஒரு நல்ல மனசு!

கணப்பை இடித்தாயிற்று. ஆஸ்பெஸ்டாஸ் அப்படியே இருக்கிறது. அதில் வாஸ்து தோஷம் எதுவும் இல்லையாம்.