இருநூற்றுப் பதினான்கு இலக்கம்

ரஸ்ஸல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டு மூன்று வருடமாகிறது. ஏனென்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கீழ்த்தளத்தில் அவன் ஓடவிட்ட கணினியின் மேல் ஒட்டிய சீட்டு மட்டும் அவன் கையெழுத்தில் இருந்தது: அணைக்காதீர்கள். அம்மா வெர்னா அணைக்கவில்லை. அவன் விட்டுப்போனதில் இன்னும் சத்தம் போடுகிற பொருள் அது ஒன்றுதான்.

அது ஒரே ஓர் எண்ணைக் குடைந்துகொண்டிருந்தது. இருநூற்றுப் பதினான்கு இலக்க எண். பகா எண் இல்லை என்பது முதல் நொடியிலேயே நிரூபணமாகிவிட்டது. எந்தக் காரணிகளாகப் பிரியும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. “உடையும்னு தெரியும்மா. எதால உடையும்னுதான் தெரியல” என்று அவன் ஒருமுறை சொன்னபோது வெர்னா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

கணவன் கிளிஃபோர்டுக்கு அந்தப் பெட்டி கையுறை காயவைக்கத்தான். கனடாவின் சட்பரி ஊர்க் குளிரில் பனி அள்ளிவிட்டு வந்து ஈரக் கையுறையை அதன் சூட்டில் போடுவான். “கரண்ட் தின்னி. என்னைக்குத்தான் நிறுத்தப்போற?”

“அது கண்டுபிடிச்சதும்.”

அன்று மதியம் தொலைபேசி அடித்தது. எண்களை உடைக்கும் இணையக் குழுவில் ரஸ்ஸலோடு பழகிய லோவெல், சாஸ்கடூன் நகரிலிருந்து.

“அம்மா, அந்த எண் உடைஞ்சிடுச்சு. நேத்து என் மெஷின்ல. ஐம்பத்தஞ்சு இலக்கக் காரணி. அதால வகுத்தா வர்றதும் பகா எண்தான். இனி உடைக்க ஒண்ணுமில்ல. நீங்க அணைச்சிடலாம்.”

வெர்னா போனோடு கீழ்த்தளத்துக்கு இறங்கி, கணினிக்குப் பக்கத்தில் கிடந்த ரஸ்ஸலின் கணக்கு நோட்டைப் புரட்டினாள். கடைசிக்கு முந்தின பக்கம். இறப்பதற்கு ஆறு வாரம் முன்பு எழுதியது.

“ஐம்பத்தஞ்சு இலக்கம் வரைக்கும் தேடி முடிச்சாச்சு, எதுவும் இல்லன்னு எழுதியிருக்கானே?”

லோவெல் தயங்கினான். “இது வலை வீசுற மாதிரிங்க. சொன்ன கணக்குப்படி முழுசா வீசினாலும் மூணுல ஒண்ணு தப்பிச்சிடும். அவன் மேல குத்தமில்ல.”

“அங்கேயே இருந்தும் தெரியலையா?”

“அங்கேயே இருந்தும்.”

அந்தக் கடைசி இரவு ரஸ்ஸல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு தட்டு மாக்கரோனி சாப்பிட்டான். உப்பு போதவில்லை என்றான். அரை மணி நேரம் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லோவெல், அதே எண்ணை, அவன் தேடின எடத்துலேருந்தே மறுபடி தேடச் சொல்ல முடியுமா?”

“விடைதான் கிடைச்சாச்சேம்மா. எதுக்கு?”

“இதுவும் பாக்கட்டும்.”

லோவெல் சொல்லச் சொல்ல அவள் விசைப்பலகையில் ஒற்றை விரலால் தட்டினாள். படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கிளிஃபோர்ட் கீழே வந்தான்.

“பைத்தியமா உனக்கு? தெரிஞ்சதைத் தேடி என்ன ஆவப்போகுது?”

அவள் கடைசி விசையைத் தட்டினாள். விசிறி இரைச்சல் ஏறியது. கிளிஃபோர்ட் சற்று நேரம் திரையைப் பார்த்தான். பிறகு ஈரக் கையுறைகளைச் சீட்டு நனையாமல் தள்ளிப் போட்டுவிட்டு மேலே போனான்.