சுவரில்லாத கூரைக்கு ஒரு வாசற்படி

காரைக்கால் பக்கத்துத் தலத்தெருவில் சவரிநாதனைத் தூக்காதவர்கள் யாருமில்லை. மாதா கோயிலில் தூக்கினார்கள், சினிமாக் கொட்டகையில் தூக்கினார்கள், பஸ்ஸில் ஏற்றும்போது நெல்மூட்டை போலப் புரட்டியும் தூக்கினார்கள். தூக்குகிறவன் கை நேரே அக்குளுக்குள்தான் புகும். புண்ணியம் தேடுகிற கைகளுக்கென்று ஒரு பிசுபிசுப்பு உண்டு. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டாலும் போகாது.

எண்பத்தொன்றாம் வருஷத்தை உலகமே ஊனமுற்றோருக்கு ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார்கள். காரைக்கால் சும்மா இருக்குமா? கடற்கரைப் பக்கம் பழைய இளைஞர் முகாம் ஒன்று கிடந்தது. இளைஞர்கள் போய் ஆடுகள் முகாமிட்டிருந்தன. ஆடுகளை விரட்டிவிட்டு, மூன்றடி மேடை போட்டு, நாலு தூண் நட்டு, மேலே கூரை வேய்ந்தார்கள். சாப்பிட ஒரு நீள மேசை. ஏறுவதற்குப் படிக்குப் பதில் சாய்தளம், இருபுறமும் கைப்பிடிக் கம்பி. சவரியுடையதைப் போல, கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டிக்கு அளவெடுத்தாற்போல அகலம்.

"இன்னிக்கு ஒரு பய கை என் மேல படக்கூடாது லூர்து. நானா ஏறி, மேசைகிட்ட போயி, கடலைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடணும்" என்றான் சவரி.

"ஏறுங்க, யாரு வேணாங்குறா? மீன்கொழம்பு சிந்தாம ஏறுங்க" என்றாள் அவன் மனைவி லூர்தம்மாள், தூக்குச்சட்டியை அவன் மடியில் வைத்தபடி.

திறப்பு விழாக் குழுத் தலைவர் முசே சண்முகசுந்தரம். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ காலமாகியும், அவன் பாஷையில் 'ஐயா' என்கிற அந்த 'முசே' அவர் பெயரிலிருந்து இறங்கவில்லை. ஊனமுற்றோரின் துயரத்தைப் பற்றி நெடுநேரம் உருகினார், உருகியதில் பசித்துவிட்டது. பிரமுகர்களோடு மேலேறி முதல் பந்தியில் உட்கார்ந்தார். விருந்தினர் அல்லவா! சவரி விழா நாயகன். ஆகவே கீழே வெயிலில் காத்திருந்தான்.

சாப்பிட்டவர்கள் எழுந்து வந்து சாய்தளத்தின் தலைமாட்டில் நின்று கை கழுவினார்கள், வாய் கொப்பளித்தார்கள். ஒருவர் வெற்றிலையும் துப்பினார். தண்ணீர் ஓடத் தோதான சரிவு. ரசமும் பருக்கையும் எச்சிலும் கலந்து இறங்கி வந்து சவரியின் முன்சக்கரத்தைச் சுற்றித் தேங்கின.

"சவரி, வாங்க வாங்க! போட்டோக்காரர் காத்துக்கிட்டிருக்காரு" என்று மேலிருந்து கூவினார் முசே. "வலது காலை எடுத்து வச்சு வாங்க!"

சூம்பிய தன் இரண்டு கால்களையும் சவரி ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றினான். எச்சில் தண்ணீர் தெறித்து லூர்தம்மாளின் சேலையில் புள்ளி வைத்தது. மூச்சு வாங்க உச்சிக்குப் போனான். வண்டி 'டக்'கென்று முட்டி நின்றது.

எதிரே அரையடி உயரத்தில் ஒரு வாசற்படி. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை தூவியிருந்தது. நாலு பக்கமும் காற்று புகுந்து போகிற கூரைக்கு வாசற்படி!

"இது எதுக்குங்க?"

"வாசப்படி இல்லாம கட்டடம் வெளங்குமா? நான்தான் சொல்லி வைக்கச் சொன்னேன்" என்றார் முசே, பெருமையாக. "அதனால என்ன, நம்ம ஆளுங்க இருக்காங்கள்ல? டேய், தூக்குங்கடா!"

சாம்பார் மினுங்கும் நாலு கைகள் அக்குளை நோக்கி வந்தன.

"தொட்டா கடிச்சிருவேன்" என்றான் சவரி.

கைகள் பின்வாங்கின. சவரி வண்டியின் பிரேக்கைப் பூட்டினான். மேலே இருந்தவர்கள் இறங்க இருந்த ஒரே வழி அடைபட்டது. மடியிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்தான். கீழிருந்து எச்சில் வாடை ஏறி வந்தது. என்றாலும் ஒரு கவளம் பிசைந்தான்.

"வழிய விடுப்பா, அடுத்த விழாவுக்கு நேரமாச்சு!" என்றார் முசே.

"சாப்பிட்டுட்டு இருக்கேன்ல. அவசரம்னா குதிங்க முசே. வலது காலை எடுத்து வச்சுக் குதிங்க."

முசே விளிம்புக்குப் போய் மூன்றடிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். முழங்கால் வாதம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

கீழே நின்ற இரண்டு பியூன்கள் அவருடைய அக்குளில் கை கொடுத்தார்கள். கோட்டு காதுவரை ஏறியது. கால்கள் காற்றில் தரையைத் தேடின. லூர்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சவரிக்குச் சிரிப்பு வரவில்லை. கவளம் கையிலேயே இருந்தது. அதைச் சட்டியிலேயே போட்டு மூடி, பிரேக்கை விடுவித்தான்.

"இறங்கலாம் லூர்து. இங்க மனுஷன் சாப்பிடுவானா?"

வண்டி பின்னோக்கி, அதே எச்சில் தண்ணீரில், வழுக்கிக்கொண்டே இறங்கியது.