நூற்றொரு தட்டுப் பழ வற்றல்

கோயமுத்தூரில் குளிர்காலம் என்பது பத்து நாள் குரங்குக் குல்லாய், அவ்வளவுதான். அந்தப் பத்து நாளுக்காக என் மனைவி கீதா சித்திரை வெயிலில் பழம் காயவைத்தாள். ஏதோ பனி கொட்டும் நாட்டுப் பெண்மணி வீடியோவில் சொன்னாளாம், குளிர்காலத்துக்குப் பழத்தை இப்போதே உலர்த்தி வைக்க வேண்டுமென்று. எதிர்த்தெருவில் மார்கழியிலும் ஆப்பிள் வண்டி வரும் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

பழம் வந்தது எங்கள் மகள் அக்ஷயாவின் காதுகுத்துச் சீரில். கீதாவின் தம்பி மதன்குமார் உடுமலைப்பேட்டையிலிருந்து தாய்மாமன் சீராக நூற்றொரு தட்டு கொண்டுவந்து மண்டபத்தையே வாய் பிளக்க வைத்தான். ஆப்பிள், கிவி, டிராகன் பழம், எல்லாம் கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி. சீர் வருவதைப் படம் பிடிக்க டிரோன் வேறு. குழந்தை அழுததை யாரும் படம் பிடிக்கவில்லை.

மத்தியானமே கீதா தட்டுகளை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சாயங்காலமே கத்தியை எடுத்தாள். நாளைக்கு நறுக்கினால் ஆகாதா என்று கேட்டதற்கு, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் மாடியில் துண்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

"ஏனுங்க, சீர்த்தட்டு சீனிவாசனுங்க. தட்டும் பழமும் எடுக்க வந்தனுங்க."

"பழமுமா?"

"எல்லாமே வாடகைதானுங்க. மண்டபத்துலயே எடுத்துக்கறதாப் பேச்சு. அம்மணி முன்னாலயே கொண்டாந்துபோட்டாங்க. நாளைக்குக் காங்கேயத்துல ஒரு காதுகுத்து இருக்குதுங்க."

மதன்குமாருக்குத் தறித் தொழில் படுத்துவிட்டது என்று அரசல்புரசலாகத் தெரியும். ஆனாலும் நூற்றொன்றில் ஒரு தட்டு குறையக் கூடாது! இது கீதாவுக்குத் தெரிந்தால் இடிந்துபோவாள். அவளுக்குத் தெரிந்தது தம்பிக்குத் தெரிந்தால், அவன் எங்கள் வாசப்படி மிதிக்கவே மாட்டான். குரலைத் தாழ்த்தி, வேனைத் தெருமுனையில் நிற்கச் சொன்னேன். சந்தைக்கு ஓடி அத்தனை பழத்தையும் வாங்கி வேனில் ஏற்றினேன். தட்டுகளைப் பின்வாசல் வழியாகக் கடத்தினேன். திருமூர்த்தி என்ற நான் சொந்த வீட்டிலேயே திருடனானது அன்றைக்குத்தான்.

மார்கழியில் மதன்குமார் வந்தான், ஸ்வெட்டரோடு. கீதா ஒரு கிண்ணம் வற்றலை முன்னால் வைத்தாள்.

"இதென்னக்கா?"

"நீ வெச்ச சீர்தான் கண்ணு. ஒரு பழம்கூட வீணாப் போகலை."

அவனுக்குப் புரையேறியது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

"நல்லாருக்குதுங்க மாமா," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"கிவி இன்னும் நல்லாருக்கும் மாப்ள," என்றேன்.

ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, முகம் தெளிந்து போனான். ரகசியத்தைக் காப்பாற்றிய பெருமையில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காதீங்க," என்றாள் கீதா. "கண்ணாடித்தாளைப் பிரிச்சப்பவே பாத்தனுங்க, ஒவ்வொரு ஆப்பிள்லயும் தட்டுல நிக்கறதுக்குக் குத்துன குச்சி ஓட்டை நாலு. அதுல பழைய ஓட்டை கறுத்தே கெடந்துச்சு. எத்தனை ஊட்டுச் சீருக்குப் போயிட்டு வந்துச்சோ."

கிண்ணத்துத் துண்டுகளில் நான் ஓட்டையைத் தேடினேன்.

"வாடகைச் சீர்னா எடுக்க ஆள் வராம இருப்பாங்களா? வேன் வர்றதுக்குள்ள வெட்டாம உட்டிருந்தா நூத்தியொரு தட்டும் நம்ம கேட்டைத் தாண்டித் திரும்பிப் போயிருக்குமுங்க. தெருவே வேடிக்கை பாத்திருக்கும். எந்தம்பி தலை நிமுந்து வருவானா?"

"அப்ப நான் சந்தைக்கு ஓடினது?"

"மாடியில இருந்து பாத்தனுங்க. நல்ல பழமாத்தான் வாங்கிக் குடுத்தீங்க. அவங்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். நான் வாங்கிய நல்ல பழமெல்லாம் முகம் தெரியாத ஒரு குழந்தையின் காதுகுத்துக்குக் காங்கேயம் போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது நாலு வீடு சுற்றிய ஆப்பிள். இனிப்பாகத்தான் இருந்தது.