ஐம்பதாம் பக்கத்துப் புள்ளி

ஒரு புத்தகத்தை முன்பே படித்துவிட்டோமா இல்லையா என்று அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சட்டென்று நினைவு வராது. நூலகக் கணினியைக் கேட்டும் பயனில்லை. யார் எதைப் படித்தார் என்பது அவரவர் சொந்த விஷயம் என்பதால், புத்தகம் திரும்பி வந்தவுடன் அது எடுத்தவரின் பெயரை மறந்துவிடும். அதனால் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், வடகரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில், வயதானவர்கள் தங்களுக்கென்று ஒரு பக்கத்தைப் பிடித்து, படித்து முடித்ததும் அதில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி வைத்துவிடுவார்கள். அடுத்த முறை அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும். நூலகர் பிரையனி இதைப் பார்த்தும் பாராதவள்.

க்ளெனிஸின் குறி, ஐம்பதாம் பக்க எண்ணின் கீழே ஒரு புள்ளி. பிடிக்காத புத்தகத்தை அவள் பாதியில் மூடிவிடுவாள், அதில் புள்ளி விழாது. நோலீனின் குறி, முப்பத்துமூன்றாம் பக்க எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து நோலீன் வட்டம் போடுவதை க்ளெனிஸ் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். வட்டம்கூட அவளுக்குக் கோணாமல் வந்துவிடுகிறதே என்று எரிச்சல்பட்டும் இருக்கிறாள்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும், அங்கே கோடை விடுமுறை தொடங்கும் முன்னால், பிரையனி வாசகர்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் பத்துப் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வாள். அவை வாசலருகே தனி அலமாரியில், தேர்ந்தெடுத்தவர் பெயரோடு நிற்கும். போன வருடம் நோலீன். அவள் வைத்த பத்தும் ஒரு நாள்கூட அலமாரியில் தங்கவில்லை. கறிக்கடைக்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "அடுத்து என்ன படிக்கலாம், சொல்லுங்க" என்று கேட்பார். பக்கத்தில் க்ளெனிஸும் நின்றிருப்பாள். அவளை யாரும் கேட்டதில்லை.

இந்த வருடம் க்ளெனிஸின் முறை. நோலீன் படித்த ஒன்றுகூடத் தன் பட்டியலில் இருக்கக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டு வந்தாள். அலமாரி அலமாரியாக நடந்து, ஒவ்வொன்றிலும் முப்பத்துமூன்றாம் பக்கத்தைப் பார்த்தாள். வட்டம். அடுத்ததிலும் வட்டம். நல்லது என்று அவள் கை எதைத் தொட்டாலும் வட்டம். மதியத்துக்குள் வட்டமில்லாத பத்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று கழிவுநீர்க் குழாய்களின் வரலாறு, இன்னொன்று செம்மறியாட்டின் குளம்பு நோய்கள்.

பிரையனி அடுக்கைப் பார்த்தாள். "இதத்தான் கடற்கரைக்குத் தூக்கிட்டுப் போகணுமா, க்ளெனிஸ்?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்குக் கடைசி நாள்."

கடைசியாக ஒரு தடவை என்று துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்தாள். அதிலும் வட்டம். ஆனால் இந்தப் புத்தகம் பிப்ரவரியில்தான் வாங்கப்பட்டது. முன்பதிவு வரிசையில் முதல் ஆள் க்ளெனிஸ்தான். அட்டை விறைப்பாக இருக்கும்போதே பிரித்தவள் அவள். அப்படியானால் வட்டம் அவளுக்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும்.

அவள் திரும்பவும் முதல் அலமாரிக்குப் போனாள். இந்த முறை இரண்டு பக்கங்களையும் பார்த்தாள். வட்டம் இருந்த இடத்தில் எல்லாம் புள்ளியும் இருந்தது. புள்ளி மட்டும் இருந்தவை சில கிடைத்தன. வட்டம் மட்டும் இருந்தது ஒன்றுகூட இல்லை. போன வருடப் பட்டியலின் பத்தையும் தேடி எடுத்தாள். பத்திலும் அவள் புள்ளி.

காது மடல் சூடேறியது. கறிக்கடைக்காரர் ஒரு வருடமாகப் பாராட்டியது யாரை?

குழாய்களையும் குளம்புகளையும் அதனதன் இடத்தில் வைத்தாள். புள்ளி வைத்தவற்றிலிருந்து ஒன்பதை எடுத்தாள். பத்தாவதாக, ஆற்றில் படகோட்டும் பெண் ஒருத்தியைப் பற்றிய மெல்லிய நாவல். அதில் அவள் புள்ளி வைத்ததே இல்லை. வைக்காமலே மறக்காத ஒரே புத்தகம் அது.

மறுநாள் காலை, பிரையனி பெயர் அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தபோது நோலீன் ஒரு பை செர்ரிப் பழத்தோடு வந்தாள்.

"சாப்பிடு. மரத்துல பறவைங்க மிச்சம் வச்சது." சொல்லிக்கொண்டே ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பார்த்தாள். "இதெல்லாம் நான் படிச்சது. பரவால்லயே, நல்லாத்தான் பொறுக்கியிருக்க."

"நீ எப்படிப் பொறுக்குவ?" என்றாள் க்ளெனிஸ்.

"யார்கிட்டயும் சொல்லிடாத." நோலீன் குரலைத் தாழ்த்தினாள். "நம்ம ஊர்ல யாரோ அம்பதாம் பக்கத்துல புள்ளி வைக்கறாங்க. அந்த ஆளு மோசமான புத்தகத்த முடிக்கவே மாட்டாங்க போல. நான் வட்டம் போட ஆரம்பிச்ச இந்த ஆறு வருஷமா புள்ளியப் பாத்துத்தான் எடுக்கறேன். ஒண்ணுகூட சோடை போனதில்ல."

"யாருன்னு தெரியாதா?"

"தெரியாது. சொன்னா சிரிப்ப, அந்த ஆள நினைச்சா வயிறு எரியும். எல்லாத்துலயும் எனக்கு முன்னாடி போய் உக்காந்திருக்கு, சனியன்."

க்ளெனிஸ் ஒரு செர்ரியை வாயில் போட்டுக் கொட்டையை மெதுவாகத் துப்பினாள். சொல்லிவிடலாமா? கறிக்கடையில் வைத்துச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்குமே.

அதற்குள் நோலீன் பத்தாவதை எடுத்திருந்தாள். நேராக ஐம்பதாம் பக்கத்துக்குப் போய், உதட்டைப் பிதுக்கி, திரும்ப வைத்துவிட்டாள். "புள்ளி இல்ல. வேணாம்பா."

க்ளெனிஸின் புள்ளியை வைத்தே அவள் தேர்ந்தெடுத்ததை ஒதுக்கிவிட்டாள். க்ளெனிஸால் அதைத் தாங்க முடியவில்லை. பிரையனியின் மேசையிலிருந்து பென்சிலை எடுத்தாள். புத்தகத்தைப் பிரித்து, ஐம்பதின் கீழே ஒரு புள்ளி வைத்து, நோலீனிடம் நீட்டினாள்.

நோலீன் புள்ளியைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். முகம் மெல்லச் சிவந்தது.

"நீயா?"

"சனியன்தான்."

நோலீன் புத்தகத்தை மூடினாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பிரையனி, இத என் பேர்ல பதிஞ்சுடும்மா. கறிக்கடைக்காரர்கிட்ட இனிமே இவளக் கேக்கச் சொல்லிடறேன்."

க்ளெனிஸ் காதால் கேட்க ஆசைப்பட்டது அதுதான். கேட்டும்விட்டாள். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, நோலீன் கார் வரைக்கும் பொறுக்காமல் வாகனம் நிறுத்தும் இடத்திலேயே நின்று முதல் பக்கத்தைப் பிரித்திருந்தாள். படகுக்காரி விடியலில் கயிற்றை அவிழ்க்கும் இடம். நோலீனுக்கு அது இப்போதுதான் முதல் தடவை. அந்த முதல் தடவை க்ளெனிஸுக்கு இனி எந்த அலமாரியிலும் கிடைக்காது.

அவளுக்கு வயிறு எரிந்தது. பையிலிருந்து இன்னொரு செர்ரியை எடுத்துக்கொண்டாள்.