லென்ஸ் பெட்டியில் ஊற்றிய தண்ணீர்

"கண்ணாடியோடை நிண்டால் வீடியோவிலை உங்கடை கண்ணே தெரியாது."

"கண்ணாடி இல்லாட்டி எனக்கு ஆரையுமே தெரியாது, துஷா."

"லென்ஸ் போடுங்கோ. நான் தெரிவன்தானே, அது காணும்."

சுபாங்கனின் அக்கா மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு ஹொல்ஸ்டெப்ரோ போகும்போது காருக்குள் கதைத்தது அது. அக்கா வீட்டில் இறங்கிய பிறகுதான் லென்ஸ் கழுவும் மருந்தைத் தங்கள் பிராண்டே வீட்டிலேயே விட்டுவந்தது அவன் மனைவி துஷாராவுக்குத் தெரிந்தது. சொன்னால் கண்ணாடியோடுதான் நிற்பான். அன்றிரவு அவன் கழற்றித் தந்த லென்ஸ்களைப் பெட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். டென்மார்க்கில் எல்லோரும் குடிக்கிற தண்ணீர்தானே.

பத்தாம் நாள் அவனுடைய இடது கண் சிவந்தது.

"லென்ஸில் தண்ணீர் பட்டதா?" என்று டொக்டர் கேட்டபோது சுபாங்கன் இல்லை என்றான். பக்கத்தில் இருந்த துஷாரா கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினாள். வைரஸ் என்று நினைத்து மூன்று வாரம் மருந்து கொடுத்தார்கள். வலி தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. தண்ணீரில் வாழும் அமீபா ஒன்று கருவிழியை அரித்துக்கொண்டிருந்தது.

"முன்பு இரண்டு மருந்துகளை மாற்றி மாற்றி விடுவோம். இது இதற்கென்றே புதிதாக வந்த சொட்டு மருந்து, தனியாகவே போதும்," என்றார் அங்கிருந்த டொக்டர். "முதல் ஐந்து நாள், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. மூன்று வாரம் முந்தி வந்திருந்தால் தழும்பு இவ்வளவு இருக்காது."

முதியோர் இல்ல வேலைக்கு லீவு போட்டுவிட்டு துஷாராவே மருந்து விட்டாள். லென்ஸோடு குளித்திருப்பேன் என்று அவன் தன்னையே நொந்துகொண்டான். ஒவ்வொரு சொட்டுக்கும் டெனிஷில் "உன்ஸ்கூல்" என்று மன்னிப்புக் கேட்டான். அதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்க அவளுக்கு ஒவ்வொரு முறையும் வாய் வரை வந்தது. கேட்டால், ஏன் என்பான்.

ஆறாம் வாரம் டொக்டர் சொல்லிவிட்டார்: அமீபா அடங்கிவிட்டது, சொட்டு மருந்தை இன்னும் கொஞ்ச நாள் விட வேண்டும், தழும்பு போகாது, கருவிழி மாற்ற வேண்டி வரலாம்.

வீட்டுக்கு வந்ததும் சுபாங்கன் சோபாவில் தலையைச் சாய்த்தான். "விடும் நேர்ஸம்மா. உம்மடை கை பட்டால் எரியிறதும் குறைவு." சொட்டு விழுந்தது. "உன்ஸ்கூல், துஷா. என்ரை கவலையீனத்தாலை உமக்கும் எவ்வளவு கரைச்சல்."

அவள் போத்தலை மூடி மேசையில் வைத்தாள்.

"அக்கா வீட்டிலை லென்ஸ் பெட்டிக்குள்ளை பைப்புத் தண்ணி விட்டது நான். டொக்டர் கேக்கேக்கையும் வாய் திறக்கேல்லை. தயவுசெய்து இனி என்னட்டை மன்னிப்புக் கேக்காதேங்கோ."